கில்வா பாடத்தைக் காற்றிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: தாரெஸ்ஸலாமில் 8-ஆம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலிக் கடற்கரை வணிகமும் காலனி ஆட்சியும் பாடம். சுல்தான் பெயர்களும் ஆண்டுகளும் பிள்ளைகள் மண்டையில் ஏறவே இல்லை. ஒரு ஏஜென்ட் சான்சிபார் சுற்றுலாவையும் அச்சடித்த நோட்ஸையும் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த மாதிரி நோட்ஸ் நிறையப் பார்த்துவிட்டேன். முதல் பக்கத்திலேயே 'அரபியர் வந்து நகரங்களைக் கட்டினர்' என்று இருக்கும். தப்பு. கென்யாவின் லாமு தீவுக்கூட்டத்தில் ஷங்கா என்ற பழைய ஊரைத் தோண்டியபோது, கல் மசூதிக்கு அடியில் மரத்தாலான சிறு தொழுகையிடங்கள் அடுக்கடுக்காக வெளிவந்தன. உள்ளூர்க்காரர்கள் குடிசையில் தொடங்கி மெல்ல மெல்லக் கல்லுக்கு வந்த ஊர் அது. சுவாஹிலி மொழியும் ஆப்பிரிக்காவின் பாந்து குடும்பத்து மொழிதான். அதில் அரபுச் சொற்கள் ஏராளம், அவ்வளவே.

சுல்தான்களை ஒதுக்கிவிட்டுக் காற்றிலிருந்து தொடங்குங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை வீசும் கஸ்காசி, அரபுக்கடல் கப்பல்களைத் தெற்கே கொண்டுவரும். ஏப்ரலுக்குப் பிறகு வரும் கூசி திருப்பி அனுப்பும். ஒரே பருவத்தில் வந்து திரும்ப, தான்சானியாவின் தென்கரையில் உள்ள பழைய துறைமுக நகரமான கில்வாதான் கிட்டத்தட்டக் கடைசித் துறை. தங்கம் வந்ததோ அதற்கும் தெற்கே உள்ள சொஃபாலாவிலிருந்து. ஆக, இரு பக்கத்துச் சரக்கும் கில்வாவில் கைமாறியது. அந்த ஊர் பணக்கார ஊரானது ஏன் என்பது 13 வயதுப் பிள்ளைக்கு இதிலேயே விளங்கிவிடும்.

காலனி ஆட்சிக்கு ஒரு விளையாட்டு. நாலு பேர் துணி, பாசிமணி, தங்கம் என்று சீட்டு எழுதி மாற்றிக்கொள்ளட்டும். பாதியில் ஒருவனை வாசலில் நிறுத்துங்கள்: "என் சீட்டு இல்லாமல் யாரும் போகக்கூடாது." கடலில் போகும் வணிகக் கப்பல்கள் தங்களிடம் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்ற போர்த்துகீசியரின் கர்த்தாஸ் முறை அதுதான். 1505-ல் போர்த்துகீசியத் தளபதி அல்மெய்தாவின் படை கில்வாவைக் கொள்ளையடித்து, மொம்பாசாவைக் கொளுத்தியதையும் அப்போது சொல்லுங்கள்.

மொம்பாசாவுக்கு வடக்கே உள்ள துறைமுக ஊரான மலிந்தியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 1498-ல் மொம்பாசாவில் விரட்டப்பட்ட வாஸ்கோ ட காமாவுக்கு மலிந்தி மன்னர் உணவு கொடுத்தார், கோழிக்கோட்டுக்கு வழிகாட்ட மாலுமியையும் கொடுத்தார். மொம்பாசாவோடு அவருக்கு இருந்த பகைதான் காரணம். கடைசியில் போர்த்துகீசியர் 1593-ல் கோட்டை கட்டத் தொடங்கியது அதே மொம்பாசாவில். உதவிய மலிந்தி தேய்ந்தது. 'எல்லோரும் எதிர்த்தனர்' என்று பாடநூல் ஒரே வரியில் முடித்தால் இந்தக் கதை எங்கே போகும்? தேர்வுத்தாளோ 'கோட்டை கட்டிய ஆண்டு எது?' என்பதோடு நின்றுவிடுகிறது. பொறுக்கவே முடியவில்லை.

சான்சிபாருக்குப் போனால், அடிமைகளை அடைத்த இடம் என்று இருட்டறையைக் காட்டிக் காசு கேட்கும் வழிகாட்டியிடம் அந்தக் கட்டடம் எப்போது எழுந்தது என்று கேளுங்கள். அடிமைச் சந்தை 1873-லேயே மூடப்பட்டுவிட்டது. அங்கே நடந்த கொடுமை உண்மை. அதற்குப் போலி அறை எதற்கு?

என்னைக் கேட்டால் பழைய கில்வா நகரம் இருந்த தீவான கில்வா கிசிவானிக்கே அழைத்துப் போங்கள். பெரிய மசூதியின் சுவரில் பிள்ளைகள் கண்ணைக் கிட்டே வைத்துப் பார்க்கட்டும். பவளப்பாறையின் துளைகள் அப்படியே தெரியும். மார்ச் முதல் மே வரை மழை கொட்டும், ஜூலைக்கு வையுங்கள். படகில் ஏறியதும் முகத்தில் அடிப்பது கூசிதான்.