முழங்கால் வலியோடு கரீபியன் படகுச் சுற்றுலா: எதை எடுப்பது, எதை விடுவது?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 70. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. ஜனவரியில் கரீபியன் குரூஸ் போகிறோம். செயின்ட் லூசியா, பார்படோஸ் போகும் தெற்கு வழியா, கிராண்ட் கேமன், கோஸுமெல் போகும் மேற்கு வழியா என்று முடிவாகவில்லை. ஒரு படகுச் சுற்றுலாவாவது போக வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

பதில்: தெற்கு வழியையே எடுங்கள். காரணம் படித்துறைதான். செயின்ட் லூசியாவின் காஸ்ட்ரீஸிலும் பார்படோஸின் பிரிட்ஜ்டவுனிலும் கப்பல் துறையை ஒட்டியே நிற்கும். சாய்பலகை வழியாக நடந்து இறங்கலாம். கிராண்ட் கேமனின் ஜார்ஜ் டவுனில் குரூஸ் கப்பலுக்குத் துறை இல்லை. கப்பல் நங்கூரம் போட்டுத் தள்ளி நிற்க, டெண்டர் என்கிற சிறு படகில் கரைக்குப் போக வேண்டும். அலையில் கப்பல் ஒரு கணக்கில் அசையும், டெண்டர் வேறு கணக்கில் அசையும். காலை எடுத்து வைக்கும் நொடியில் படியின் உயரம் மாறிவிடும். வலியுள்ள முழங்கால் மடங்குவது அங்கேதான். கப்பலிலிருந்து டெண்டர், கரை, சுற்றுலாப் படகு, பிறகு அதே வழியில் திரும்புதல் என்று ஒரு நாளில் ஆறு முறை படகு ஏறி இறங்க வேண்டியிருக்கும். காஸ்ட்ரீஸில் அது இரண்டே முறை.

ஜனவரி என்பதால் இன்னொரு சங்கடமும் உண்டு. குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று அடிக்கும் நாட்களில் ஜார்ஜ் டவுன் பக்கம் கடல் கொந்தளிக்கும். கப்பல் தீவின் தெற்குப் பக்கத் துறைக்கு மாறும், அல்லது இறங்காமலே போய்விடும்.

செயின்ட் லூசியாவில் காஸ்ட்ரீஸிலிருந்து சூஃப்ரியேர் என்ற ஊர் வரை மேற்குக் கரையோரமாகப் போகும் கேட்டமரான் படகு உங்கள் பெற்றோருக்குப் பொருந்தும். வணிகக் காற்று கிழக்கிலிருந்து வருவதால் மேற்குப் பக்கம் மலைகளின் மறைவில் அமைதியாக இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இந்தக் காற்று வலுக்கும், உள்ளூரில் ‘கிறிஸ்துமஸ் காற்று’ என்பார்கள். அப்போதும் மேற்குக் கரை தாங்கும். 798 மீட்டர் உயரமுள்ள பெரிய பிட்டனும் 743 மீட்டர் உயரமுள்ள சின்னப் பிட்டனும் ஆகிய இரு மலைச் சிகரங்கள் கடலிலிருந்து நேராக எழுவதை உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம். அதே ஊருக்குச் சாலை வழி முழுக்க வளைவு. அதில் வயிறு புரட்டும்.

கேட்டமரான் இரட்டை அடிப்பகுதி கொண்டதால் அதிகம் சாயாது. ஆனால் எல்லாக் கேட்டமரானும் ஒன்றல்ல. முன்பதிவுக்கு முன் இவற்றைக் கேளுங்கள்: ஏறும் இடத்தில் எத்தனை படி, இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டா? முதுகு சாய்க்கும் இருக்கை கூரைக்கு அடியில் இருக்கிறதா? முன்பக்க வலையில் உட்காரச் சொன்னால் வேண்டாம். அது தொய்யும், எழுந்திருக்க ஆள் வேண்டும். கழிப்பறை எங்கே என்பதைக் கட்டாயம் கேளுங்கள். பல படகுகளில் அது செங்குத்தான படிகளுக்குக் கீழே, குறுகலாக இருக்கும். செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். ஈரத் தளம் வழுக்கும் என்பதால், வழுக்காத நீர்க் காலணிக்கு முன்பே அனுமதி வாங்கிவிடுங்கள். நீச்சலுக்கு நிறுத்தும்போது படகிலேயே இருக்கலாமா என்பதையும் உறுதி செய்யுங்கள். ‘கடற்கரையில் இறக்கிவிடுவோம்’ என்றிருந்தால் விட்டுவிடுங்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில் ஏணியில் இறங்க வைப்பார்கள். அதிவேக ரப்பர் படகு கூடவே கூடாது. ஒவ்வொரு அலையிலும் அடி முதுகெலும்பில் விழும்.

கேள்வி: நீந்தத் தெரியாது. பவளமும் மீனும் பார்க்க எது நல்லது? அடியில் கண்ணாடி பதித்த கண்ணாடிப் படகா, நீர்மூழ்கியா?

பதில்: இரண்டுக்கும் நடுவில் செமி சப்மரீன் இருக்கிறது, அதுதான் எங்கள் பரிந்துரை. அது முழுகாது, மேல்தளம் நீருக்கு மேலேயே இருக்கும். சுமார் 5 அடி ஆழத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கலாம். கிராண்ட் கேமனிலும் அருபாத் தீவிலும் உண்டு. கேமனில் மேலே சொன்ன டெண்டர் சிக்கல் இருப்பதை மறக்காதீர்கள். அருபாவில் 1940-ல் மூழ்கடிக்கப்பட்ட ஜெர்மன் கப்பலான ஆன்டில்லாவின் சிதைவையே காட்டுவார்கள். கீழே போகும் படிகள் குறுகல். கைப்பிடியைப் பிடித்து நிதானமாக இறங்க முடிகிறவர்களுக்குச் சிரமமில்லை. மூடிய இடம் பயமென்றால் வேண்டாம்.

கண்ணாடிப் படகில் ஏறுவது எளிது. ஆனால் நின்ற படகில் குனிந்தே பார்ப்பதால் குமட்டல் சீக்கிரம் வரும்.

உண்மையான நீர்மூழ்கி சுமார் 100 அடி ஆழம் போகும். உள்ளே காற்றழுத்தம் தரையில் உள்ளதுதான், காது வலிக்காது. சிக்கல் அதன் வாசல்: செங்குத்து ஏணியில், பின்புறமாகத் திரும்பி இறங்க வேண்டும். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு அது ஒத்துவராது.

கேள்வி: குமட்டலுக்கு மாத்திரை எப்போது போடுவது?

பதில்: படகு கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. குமட்டல் வந்தபின் போட்டால் பெரிதாகப் பயனிருக்காது. மெக்லிசின் போன்றவை தூக்கம் வரவழைக்கும், வயதானவர்கள் தடுமாறி விழ அது போதும். கண்ணழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. படகின் நடுவில், தாழ்ந்த தளத்தில் உட்கார்ந்து அடிவானத்தைப் பாருங்கள். காலைப் பயணத்தையே எடுங்கள். பெரும்பாலும் பிற்பகலில்தான் காற்று கூடும்.

கேள்வி: கப்பலிலேயே பதிவு செய்வதா, வெளியிலா?

பதில்: நடை மெதுவாக உள்ளவர்களுக்குக் கப்பல் வழிப் பதிவே நிம்மதி. அந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். துறையையே தவிர்த்தால் பணம் திரும்பும். வெளியில் எடுத்தால், கப்பல் புறப்பட ஒன்றரை மணி நேரம் முன்பாவது முடிகிற பயணமாகப் பாருங்கள். கடிகாரத்தையும் கவனியுங்கள்: கப்பல் நேரமும் தீவின் நேரமும் சில சமயம் ஒரு மணி நேரம் வேறுபடும். சீட்டில் போட்டிருப்பது எந்த நேரம் என்று படகுக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.