மறு: மெதுவாக நகர்த்தினால் சரி, வேகமாகத் திருப்பினால் குறி தாண்டிப் போகிறது

வணக்கம் நண்பரே. கேமில் மவுஸை வேகமாகத் திருப்பினால் குறி தாண்டிப் போகிறது, டிபிஐயை (மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் எத்தனை புள்ளி நகரும் என்ற அளவு) 3200-லிருந்து 6400-க்கு ஏற்றியும் சரியாகவில்லை என்கிறீர்கள். ஏற்ற ஏற்ற இன்னும் மோசமாகத்தான் ஆகும்.

நீங்கள் சொல்வது மவுஸ் ஆக்சிலரேஷன் போலத்தான் தெரிகிறது. கையை வேகமாக இழுத்தால், அதே தூரத்துக்கு விண்டோஸ் கர்சரைக் கூடுதலாக ஓட்டும். கண்ட்ரோல் பேனலில் மவுஸ், பாயிண்டர் ஆப்ஷன்ஸ் போய் 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' டிக்கை எடுத்துவிடுங்கள். வேக அளவுகோலை நடுக்கோட்டில், அதாவது ஆறாவது கோட்டில் வையுங்கள். கேமில் ரா இன்புட் (விண்டோஸ் மாற்றாமல் மவுஸ் அசைவை நேரடியாக எடுக்கும் வசதி) இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள்.

அப்புறம் டிபிஐயை 800-க்கு இறக்குங்கள். பழைய வேகமே வேண்டுமென்றால் கேமுக்குள் இருக்கும் வேக அமைப்பான சென்சிடிவிட்டியை எட்டு மடங்காக்க வேண்டும். ஆனால் 6400-இல் இருந்த வேகம் உங்களுக்கு வேண்டாம். மவுஸ் பேடின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் இழுத்தால் கேமில் உங்கள் ஆள் ஒரு முழுச் சுற்று திரும்பும்படி சென்சிடிவிட்டியை வைத்துப் பாருங்கள். போலிங் ரேட் (மவுஸ் நொடிக்கு எத்தனை முறை கணினிக்குத் தகவல் அனுப்பும் என்ற அளவு) 1000 போதும்.

சத்துவாச்சாரியில் மாடி அறை, கண்ணாடி மேசை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பல சென்சார்கள் கண்ணாடியில் தடுமாறும். வேலூர் மே மாத வெயிலில் உள்ளங்கை வியர்வைக்கு மவுஸ் வேறு ஒட்டும். பெரிய துணி பேட் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் ஆடிவிட்டு எழுதுங்கள்.