அழைப்பிதழுடன் ஒரு வழிப்படம்

கேள்வி: எங்கள் மகளின் திருமணம் திருகோணமலை நிலாவெளி வீதியிலுள்ள மண்டபம் ஒன்றில் நடைபெறவுள்ளது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு ஆகிய இடங்களிலிருந்து உறவினர் வருகிறார்கள். கைப்பேசியிலுள்ள கூகுள் வரைபடத்தைப் படம் பிடித்து அச்சகத்தில் கொடுத்தோம். மாதிரித் தாளில் வீதிப் பெயர்களை வாசிக்கவே முடியவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு தாயார், உப்புவெளி

பதில்: திரையில் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதற்கென அமைந்த படம், உள்ளங்கை அளவு தாளில் அச்சிடப்படும்போது மங்கத்தான் செய்யும். உங்களுக்குத் தேவைப்படுவது நகரின் முழு வரைபடமன்று. வருபவர் தவறவிடக்கூடிய இரண்டு மூன்று திருப்பங்களை மட்டும் காட்டும் கோட்டுப்படமே போதும். அதை வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் கையாலேயே வரைந்து கொடுத்தால் அச்சகத்தார் செம்மைப்படுத்தித் தருவார்கள்.

யாழ்ப்பாணத்தார் வவுனியா, ஹொறவப்பொத்தானை வழியாகவும், கொழும்பிலிருந்து வருவோர் ஹபரணை, கந்தளாய் வழியாகவும், மட்டக்களப்பார் மூதூர், கிண்ணியா வழியாகவும் வருவார்கள். (2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதோடு துறையடியில் பாதை எனப்படும் மிதவைப் படகுக்குக் காத்து நின்ற காலம் போய்விட்டது.) எவ்வழியாக வந்தாலும் அவர்களுக்குத் தடுமாற்றம் தொடங்குவது நகருக்குள் நுழைந்த பிறகுதான். ஆகவே அந்த நெடுவழிகளைப் படத்தின் ஓரத்தில் ஊர்ப்பெயருடன் கூடிய அம்புக்குறிகளாகச் சுருக்கிவிட்டு, நிலாவெளி வீதிக்குத் திரும்பும் இடத்தையும் மண்டபத்துக்கு முந்திய கடைசித் துண்டையும் தாராளமாக விரித்து வரையுங்கள். அளவுத்திட்டத்துக்கு அமைய வரையப்படவில்லை என்று கீழே ஒரு வரி சேர்த்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

நிலாவெளி வீதியில் தூரத்தைக் குறிப்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். நாம் இன்னமும் மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை என்றே பேசுகிறோம். அவை மைல் கணக்கு. ஆறாம் கட்டை என்பதை வாசிக்கும் வெளியூர்ச் சாரதி ஆறாவது கிலோமீற்றரில் வாகனத்தை நிறுத்தித் தேடுவார். மண்டபமோ ஏறத்தாழ 9.6 கிலோமீற்றரில் இருக்கும். கட்டைப் பெயரை எழுதினால் பக்கத்திலேயே கிலோமீற்றரையும் எழுதிவிடுங்கள். வலம், இடம் என்று மட்டும் குறிப்பதும் போதாது. நகரிலிருந்து வருபவருக்குக் கடல் வலப்புறம். புல்மோட்டை, குச்சவெளிப் பக்கமிருந்து வருபவருக்கு அது இடப்புறம். எனவே படத்தில் கடலை வரைந்து, மண்டபம் கடற்பக்கமா, மறுபக்கமா என்பதைக் காட்டுங்கள்.

அடையாளங்களாக இலகுவில் இடம் மாறாதவற்றையே தெரிவு செய்ய வேண்டும். கோவில், பாடசாலை, பாலம் ஆகியவை நிலைக்கும். கடைப்பெயர் திருமண நாளுக்கு முன்பே மாறக்கூடும். உப்புவெளியில் எவர் கண்ணிலும் படும் அடையாளம் இரண்டாம் உலகப் போர் வீரர்களின் கல்லறைத் தோட்டமே என்றாலும், மங்கல அழைப்பிதழில் மயானத்தை அச்சிடப் பெரியவர்கள் ஒருபோதும் சம்மதிக்கமாட்டார்கள். அது நியாயமும்கூட. தொலைபேசியில் வழி கேட்பவருக்கு அதை வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

படத்தை அழைப்பிதழின் பின்புறத்தில் அச்சிடாமல் தனித்தாளாக வைப்பதே நல்லது. அழைப்பிதழ் சுவாமி அறையிலேயே இருந்துவிடும், வாகனத்துக்குள் போவது அந்தத் தாள்தான். கியூஆர் குறியீடும் சேர்ப்பதாயின், பொன்னிற மையைத் தவிர்த்து, வெளிர்ந்த பின்னணியில் கறுப்பு மையால், இரண்டு சென்ரிமீற்றருக்குக் குறையாமல் அச்சிடச் சொல்லுங்கள். அது காட்டும் புள்ளி மண்டபக் கூரையின் நடுவில் இல்லாமல், வாகனங்கள் நுழையும் வாயிலில் இருக்க வேண்டும்.

இன்னொன்று: கொழும்பிலிருந்து வான் பிடித்து வருபவர்களின் சாரதி தமிழ் வாசிக்கத் தெரிந்தவராக இருப்பார் என்பது உறுதியில்லை. சந்திப் பெயர்களையும் மண்டபத்தின் பெயரையும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சிறிய எழுத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.