படம் விற்கிற வேலைக்கு மகளை அனுப்பலாமா: திருப்பூர் அப்பா ஒருவருக்கு

அண்ணா, வணக்கம்.

போன சனிக்கிழமை நீங்களும் அக்காவும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து போனதிலிருந்து உங்கள் கேள்வி மனதிலேயே நிற்கிறது. "பி.காம். படிக்கிற பிள்ளை சினிமாவுக்குப் போறேங்குது, அதுவும் நடிக்கவும் இல்லை, டைரக்சனும் இல்லை, படம் விக்கிற வேலையாம், அப்படி ஒண்ணு இருக்குதுங்களா?" என்று கேட்டீர்கள். இருக்கிறது அண்ணா. அன்று அரை மணி நேரத்தில் சரியாகச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று பாப்பா ஒரு நோட்டைத் திறந்து காட்டினாளே, நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. படம் தொடங்கும் முன் திரையில் நாலைந்து கம்பெனிப் பெயர்கள் வரிசையாக வரும், நாமெல்லாம் அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவள் அதையெல்லாம் நிறுத்தி நிறுத்திக் குறித்துவைத்திருக்கிறாள். படம், இயக்குநர், எந்தத் திரைப்பட விழா, எந்த நாட்டில் யார் வாங்கினார்கள், விற்றது யார் என்று கட்டம் போட்டு, பென்சிலில், தப்பானதை அழித்துத் திருத்தி. அதில் 'லக்ஸ்பாக்ஸ்' என்ற பெயருக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தாள். இருபது வருடமாக மாணவர்களைப் பார்க்கிறேன், ஆசைக்கும் அக்கறைக்கும் வித்தியாசம் இந்த மாதிரி நோட்டில்தான் தெரியும்.

லக்ஸ்பாக்ஸ் பாரிஸில் இருக்கும் ஒரு சின்ன விற்பனை நிறுவனம். 2015இல் ஃபியொரெல்லா மொரெட்டி, ஹெதி சார்டி என்ற இருவர் தொடங்கியது. பெரிய ஸ்டுடியோ எதற்கும் சொந்தமில்லை. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவில் ஷுச்சி தலாட்டியின் 'கேர்ள்ஸ் வில் பி கேர்ள்ஸ்' பார்வையாளர் விருது வாங்கியது. அதே வருடம் மே மாதம் பிரான்ஸின் கான் விழாவில் பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் அஸ் லைட்' கிராண்ட் பிரி என்ற இரண்டாவது பெரிய விருதை வாங்கியது. 1994இல் ஷாஜி என். கருணின் 'ஸ்வம்' போனதற்குப் பிறகு முப்பது வருடம் கழித்துத்தான் ஓர் இந்தியப் படம் கானின் முக்கியப் போட்டிப் பிரிவுக்குள் நுழைந்தது. மும்பையில் வேலை பார்க்கும் மலையாள நர்ஸ்களின் கதை. இந்த இரண்டு படங்களையும் உலகச் சந்தையில் விற்றது இதே லக்ஸ்பாக்ஸ்தான். அமெரிக்காவில் சைட்ஷோ, ஜானஸ் ஃபிலிம்ஸ் என்ற விநியோக நிறுவனங்கள் பாயல் படத்தை வாங்கி வெளியிட்டன, இந்தியாவில் ராணா டகுபதியின் ஸ்பிரிட் மீடியா 2024 நவம்பரில் திரைக்குக் கொண்டுவந்தது. ஆனால் கம்பெனி தொடங்கி அந்த மே மாதத்துக்கு வர அவர்களுக்கு ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது என்பதையும் சேர்த்தே பாருங்கள், ஏனென்றால் பாப்பா அந்த மே மாதத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

இந்தத் தொழிலை உங்களைவிடச் சுலபமாகப் புரிந்துகொள்ள ஆள் கிடையாது. உங்கள் ஊரில் பையிங் ஏஜென்ட் என்ன செய்கிறார்? பனியனை அவர் தைப்பதில்லை, கடையும் வைத்திருப்பதில்லை. எந்த நாட்டுப் பையருக்கு எந்தத் துணி பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும், சாம்பிளைக் காட்டுவார், விலை பேசுவார், ஷிப்மென்ட் போய்ச் சேர்ந்து பணம் வரும்வரை பின்னால் நிற்பார், கமிஷன் எடுத்துக்கொள்வார். படத்திலும் கிட்டத்தட்ட அதுதான். தயாரிப்பாளர் உலக உரிமையைக் குறிப்பிட்ட வருடங்களுக்கு விற்பனை நிறுவனத்திடம் கொடுப்பார். அவர்கள் ஜப்பானுக்குத் தனி, பிரேசிலுக்குத் தனி என்று நாடு நாடாகப் பிரித்து விற்பார்கள், தியேட்டர், டிவி, ஓடிடி, விமானத்தில் போடுவது வரைக்கும் தனித்தனி உரிமை. கமிஷன் பெரும்பாலும் 20, 25 சதவீதம் என்ற அளவில் இருக்கும், விளம்பரத்துக்கும் விழாவுக்கும் செலவழித்ததையும் முதலில் கழித்துக்கொள்வார்கள். சில படங்களுக்கு மினிமம் கேரண்டி என்று முன்பணம் கொடுப்பதும் உண்டு, அது திரும்பி வராவிட்டால் நஷ்டம் அவர்கள் தலையில்தான்.

விழா எதற்கு என்று கேட்டீர்கள். விழாதான் அவர்களுடைய ஷோரூம். கானில் சிவப்புக் கம்பளம் மேலே இருக்கிறது, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 1959இலிருந்து நடக்கும் சந்தை இருக்கிறது. அங்கே சின்னச் சின்ன ஸ்டால், ஒரு மேசை, நாலு நாற்காலி, அரை மணிக்கு ஒரு சந்திப்பு என்று காலையிலிருந்து மாலை வரை பேசிக்கொண்டே இருப்பார்கள். பிப்ரவரியில் பெர்லின், மார்ச்சில் ஹாங்காங், மே மாதம் கான், இலையுதிர் காலத்தில் தென்கொரியாவின் பூசான், நவம்பரில் நம் கோவா என்று வருடம் முழுக்கப் பெட்டி கட்டிக்கொண்டு திரிகிற வாழ்க்கை. படத்தை முதலில் எந்த விழாவில், எந்தப் பிரிவில் காட்டுவது என்று முடிவு செய்வதில்தான் பாதி வெற்றி. ஒரு படத்துக்கு உலகத்தின் முதல் காட்சி ஒரே ஒரு முறைதான், அதைத் தவறான இடத்தில் கொடுத்துவிட்டால் பெரிய விழாக்கள் பலவற்றின் போட்டிப் பிரிவு பிறகு கதவைத் திறக்காது.

இதையெல்லாம்விட வேலையின் பெரும்பகுதி காகிதம். நாம் நிலம் வாங்கும்போது மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று பார்ப்போமே, அதே மாதிரி கதை யாருடையது, பாட்டு யாருடையது, உரிமை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று காட்டும் பத்திரங்கள் வரிசையாக இருக்க வேண்டும். செயின் ஆஃப் டைட்டில் என்பார்கள். அதில் ஒன்று குறைந்தால் வாங்குபவர் கையெழுத்துப் போட மாட்டார். வசனம் நீங்கலாக இசையும் சத்தமும் மட்டும் உள்ள தனி ஒலித்தடம், சப்டைட்டிலுக்கான வசனப் பட்டியல், தியேட்டரில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் பிரதி (டிசிபி), போஸ்டர், ஸ்டில் எல்லாம் சேர்ந்தால்தான் டெலிவரி. இந்த இடத்தில்தான் பி.காம். படித்த பிள்ளைக்கு வேலை இருக்கிறது என்று சொல்கிறேன். படிப்பை விடச் சொல்லாதீர்கள், அவளும் விட வேண்டாம். முடிக்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராகச் சொல்கிறேன். என்னிடம் வந்த ஒரு பையன், பெற்றோர் நகையை வைத்து லட்சக்கணக்கில் கட்டி, 'சர்வதேசத் திரைத் தொழில்' என்று ஒரு தனியார் டிப்ளமோ சேர்ந்தான். ஒரு வருடத்தில் ஓர் ஒப்பந்தத்தைக்கூட அவன் கையில் கொடுத்துக் காட்டவில்லை. அந்த மாதிரி எதற்கும் இப்போது ஒரு ரூபாய் கட்டாதீர்கள். பிரெஞ்சு கற்க மட்டும் கட்டுங்கள். இந்த வகைப் படங்களை விற்கும் நிறுவனங்களில் நிறைய பாரிஸில்தான் இருக்கின்றன, மூன்று வருடத்தில் டெல்ஃப் பி2 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வு எழுதும் அளவுக்கு அவள் வந்துவிட்டால் அது எந்த வேலைக்குப் போனாலும் கைகொடுக்கும்.

அப்புறம், இந்த டிசம்பரில் திருவனந்தபுரம் விழாவுக்கு டெலிகேட்டாக அனுப்புங்கள், அக்காவும் கூடப் போகட்டும். அடுத்த வருடம் நவம்பரில் கோவாவில் ஃபிலிம் பஜார், இப்போது வேவ்ஸ் ஃபிலிம் பஜார் என்று பெயர். மத்திய அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்எஃப்டிசி 2007இல் தொடங்கிய சந்தை, முடிக்காத படங்களோடு நம் இயக்குநர்களும் வெளிநாட்டு விற்பனையாளர்களும் ஒரே கூரைக்கடியில் உட்காரும் இடம். டிகிரி முடிந்ததும் சென்னையிலோ மும்பையிலோ விநியோக கம்பெனி, ஓடிடியின் படம் வாங்கும் பிரிவு, சப்டைட்டில் நிறுவனம், விழா அலுவலகம், இதில் எங்காவது இரண்டு வருடம் வேலை பார்க்கட்டும். அந்த அனுபவம் இருந்தால் சுவிட்சர்லாந்தின் லோகார்னோ விழா நடத்தும் இண்டஸ்ட்ரி அகாடமி, பெர்லின் விழா நடத்தும் பெர்லினாலே டேலண்ட்ஸ் போன்ற பயிற்சிகளுக்கு விண்ணப்பிக்கலாம், அவை விற்பனை, விநியோகத்தில் இருக்கும் இளைஞர்களையும் சேர்த்துக்கொள்கின்றன.

சம்பளம் பற்றி அக்கா கேட்டார்கள். தொடக்கத்தில் குறைவுதான் அக்கா, மறைக்க மாட்டேன். லக்ஸ்பாக்ஸ் மாதிரி இடங்களில் பலவற்றில் மொத்த ஆட்களே பத்துப் பேருக்குள் அடங்கிவிடும், காலியிடம் எப்போதாவது ஒன்று வரும், வெளிநாட்டவருக்கு விசாவும் வேண்டும். அதனால் பாரிஸை இலக்காக வைத்துக்கொண்டு இங்கேயும் கைகொடுக்கும் திறமையைச் சேர்க்கச் சொல்கிறேன். உரிமை ஒப்பந்தம் படிக்கத் தெரிந்த, பிரெஞ்சில் மெயில் எழுதத் தெரிந்த வணிகவியல் பட்டதாரி உங்கள் ஊர் ஏற்றுமதி கம்பெனியில்கூட வீண்போக மாட்டாள்.

தீபாவளிக்குப் பிறகு ஒருநாள் மூன்று பேரும் மறுபடி வாருங்கள். வரும்போது உங்கள் கம்பெனியின் பழைய ஏற்றுமதி ஒப்பந்தம் ஒன்று, விலையை மறைத்துவிட்டுக்கூடப் பரவாயில்லை, எடுத்து வாருங்கள். பாப்பா அதை வரி வரியாகப் படித்து, எங்கே பணம் மாட்டிக்கொள்ளும் என்று நமக்குச் சொல்லட்டும்.