சூப்பர்வைசர் ஆன பிறகு கற்க வேண்டிய வேலை: பெங்களூரு சைட் கேள்வி பதில்

பெங்களூருவில் கட்டட வேலை பார்க்கும் நம்ம ஆட்கள் கேட்டவை இவை. நான் அடுக்குமாடி வேலைகளில் புராஜெக்ட் மேனேஜர். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஹொசகோட்டே, கொத்தனாராக இருந்து சூப்பர்வைசர் ஆனவர்: அண்ணா, கூட வேலை பார்த்த பசங்களே இப்ப என் பேச்சைக் கேக்க மாட்டேங்கிறாங்க. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் நானே கரணையை எடுத்துடுறேன். இது சரியா?

சரியில்லை தம்பி. நீங்கள் ஒரு சுவரைக் கட்டி முடிப்பதற்குள் மற்ற மூன்று இடங்களில் என்ன நடக்கிறது என்று யார் பார்ப்பது? நல்ல கொத்தனாரைக் கூப்பிட்டு "இனி நீ சூப்பர்வைசர்" என்று சொல்லிவிட்டு, அந்த வேலையை யாரும் கற்றுத் தராமல் விடுவதுதான் நம்ம சைட்களின் வழக்கம். தப்பு உங்களுடையதல்ல, ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியவர் நீங்கள்தான்.

இரண்டாம் உலகப் போர் சமயம் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு இதே தலைவலி வந்தது. பழகிய ஆட்கள் போருக்குப் போய்விட்டார்கள், புது ஆட்களுக்கு வேகமாக வேலை பழக்கணும். 1940 முதல் 1945 வரை 'ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' என்று ஃபோர்மேன்களுக்கே ஒரு பயிற்சி நடந்தது. அதில் வேலை சொல்லிக் கொடுக்க நாலு படி: ஆளைத் தயார் செய்வது, செய்து காட்டுவது, அவரையே செய்யவிட்டுப் பார்ப்பது, பிறகு அவ்வப்போது போய்ப் பார்ப்பது. நாம் இரண்டாவதோடு நின்றுவிடுகிறோம். கம்பி பலகையில் ஒட்டாமல் இடைவெளி விடும் கவர் பிளாக்கை எங்கே வைக்கணும் என்று காட்டினால் போதாது. அவர் கையால் வைக்கட்டும், வைக்கும்போதே ஏன் என்று அவர் வாயால் சொல்லட்டும். "கம்பி வெளியே தெரிஞ்சா துரு பிடிக்கும்" என்று அவரே சொல்லிவிட்டால் அடுத்த தளத்தில் நீங்கள் கத்த வேண்டியிருக்காது.

பழைய கூட்டாளிகளோடு டீ குடிப்பதை விட்டுவிடாதீர்கள். வருகைப் பதிவில் மட்டும் சலுகை காட்டாதீர்கள்.

ஒயிட்ஃபீல்ட், டிப்ளமோ இன்ஜினீயர்: கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் மேஸ்திரிக்கு எங்க அப்பா வயசு. தப்பைச் சொன்னால் முகம் மாறிடுது. போட்ட கான்கிரீட்டைத் தாங்குற முட்டைப் பிரிக்கிறதில்தான் தினமும் சண்டை.

ஆட்கள் முன்னால் சொல்லாதீர்கள். காலையில் வேலை தொடங்கும் முன் வரைபடத்தை விரித்து, "மேஸ்திரி, இதை எப்படிப் பண்ணலாம்?" என்று கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

முட்டு விஷயம் வேறு, அதில் பேரமே கிடையாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்வது, முட்டு எத்தனை நாள் நிற்கணும் என்பது: தாங்கும் இடங்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை உள்ள ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21. இது சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு, வெப்பம் 15 டிகிரிக்குக் குறையாதபோது. நம்ம சைட்களில் பெரும்பாலும் மெதுவாக வலுவேறும் பிபிசி சிமெண்ட், அதோடு பெங்களூரு டிசம்பர் இரவும் சேர்ந்தால் இன்னும் பொறுக்கத்தான் வேண்டும்.

மேஸ்திரி ஏன் அவசரப்படுகிறார் என்று யோசித்தீர்களா? அவரிடம் இருப்பது ஒரே செட் பலகையும் ஜாக்கியும். மேல் தளத்துக்கு அதுதான் போகணும். சதுர அடிக் கூலிக்காரர், நின்றால் அவருக்கு நஷ்டம். அதனால் இதை அவரிடம் கத்தித் தீர்க்க முடியாது. இன்னொரு செட்டுக்கு வாடகை கேட்டு மேனேஜரிடம் போய் நில்லுங்கள். மேஸ்திரிக்காக நீங்கள் போய் நின்றது அவர் காதுக்கு எட்டினால், அப்புறம் நீங்கள் சொல்வது எடுபடும்.

சர்ஜாபூர் ரோடு, பெண் சைட் இன்ஜினீயர்: சார், ஆட்கள் பீகார், வங்காளம், ராய்ச்சூர்னு பல ஊர். எனக்கு ஹிந்தி அரைகுறை. காலையில் டூல்பாக்ஸ் டாக்னு பாதுகாப்புப் பேச்சு நடத்தினால் தலையாட்டிட்டுப் போயிடுறாங்க.

தலையாட்டலை நம்பாதீர்கள் அம்மா. பத்து நிமிஷம், ஒரே ஒரு விஷயம், அதுவும் அன்றைய வேலையைப் பற்றியதாக இருக்கட்டும். வெளிச்சாரத்தில் ஏறும் நாளில் பெல்ட் கொக்கியை எங்கே மாட்டணும் என்பது மட்டும் போதும். பேசி முடித்ததும் ஒருவரை முன்னால் கூப்பிட்டு மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மொழி தெரியாத குறை அங்கே பாதி தீர்ந்துவிடும். நிறுத்து என்பதற்கு ஹிந்தியில் 'பந்த் கரோ', கன்னடத்தில் 'நில்லிசி', இரண்டையும் உரக்கச் சொல்லப் பழகுங்கள். கிரேனுக்கு சிக்னல் கொடுப்பவர் ஒரே ஆள்தான், ஆனால் நிறுத்தச் சொல்லும் சைகையை யார் காட்டினாலும் ஆபரேட்டர் நிறுத்தணும். இதை எல்லா ஊர்க்காரருக்கும் முதல் நாளே செய்து காட்டிவிடுங்கள்.

ஹெப்பால், சூப்பர்வைசர்: ரெடிமிக்ஸ் வண்டி ட்ராஃபிக்கில் மாட்டி லேட்டா வருது. பம்ப் ஓடலைன்னு தண்ணி ஊத்தச் சொல்றாங்க.

ஊற்றக் கூடாது. கான்கிரீட் இளகி ஓடணும் என்பதற்காக சைட்டில் தண்ணீர் சேர்க்கவே கூடாது. தேவைப்பட்டால் பிளாண்ட் ஆள் வந்து இளக்கும் ரசாயனமான அட்மிக்ஸ்சர் சேர்க்கட்டும், எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் ஸ்லம்ப் சோதனையைத் திரும்பப் பாருங்கள். வலிமைச் சோதனைக்கு கான்கிரீட் க்யூப் எடுப்பதையும் விடாதீர்கள்: 16 முதல் 30 கன மீட்டர் வரை மூன்று சாம்பிள், ஒவ்வொன்றிலும் மூன்று க்யூப்.

உண்மையான கேள்வி, வண்டியைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா? மேனேஜரிடம் எழுதி வாங்குங்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் கான்கிரீட் போடும்போது அவர் போனை எடுக்க மாட்டார்.

கம்மனஹள்ளி, சின்ன கான்ட்ராக்டர்: சூப்பர்வைசரை வகுப்புக்கு அனுப்பினால் வேலை நிற்கிறது. படிச்சு முடிச்சதும் வேற கம்பெனிக்கு ஓடிடுறான். எதுக்கு செலவு?

ஓடுவது படிப்பால் அல்ல என்பது என் எண்ணம். பொறுப்பு மட்டும் கொடுத்து அதிகாரமும் சம்பளமும் கொடுக்காத இடத்தில் படிக்காதவனும் ஓடுவான்.

வகுப்பை விடுங்கள், சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கட்டுமான ஆய்வாளர்கள் கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவெல்லும் உருவாக்கிய 'லாஸ்ட் பிளானர்' முறையின் சாரம் எளிது. அடுத்த வாரம் என்ன முடியும் என்று மேலிருந்து உத்தரவு போடாமல், வேலையை நடத்துகிறவர்களே வாக்குக் கொடுக்கணும். கம்பி, ப்ளம்பிங், எலெக்ட்ரிகல் மேஸ்திரிகளை ஒரே மேஜையில் உட்கார வைத்து உங்கள் சூப்பர்வைசர் நடத்தட்டும். வார முடிவில் சொன்ன பத்தில் எத்தனை முடிந்தது, முடியாததற்கு என்ன காரணம் என்று சுவரில் எழுதுங்கள். முதல் வாரம் பாதிகூடத் தேறாது, பயப்படாதீர்கள். காரணத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஆட்கள் சோம்பலாக இருக்காது. டிராயிங் வரவில்லை, கம்பி வரவில்லை, முந்தின வேலை முடியவில்லை என்றுதான் இருக்கும். அதாவது சரிசெய்ய வேண்டியவர் நீங்கள். கான்ட்ராக்டர்கள் சிலருக்கு இந்தக் கூட்டம் பிடிக்காமல் போவதற்குக் காரணமும் அதுதான்.

எலெக்ட்ரானிக் சிட்டி, ஃபோர்மேன்: பைப் பள்ளம் ஆளுயரம் தாண்டிடுச்சு. மண் கெட்டியாத்தான் இருக்கு, இறங்கச் சொல்லுன்னு மேனேஜர் சொல்றார்.

யாரையும் இறக்காதீர்கள். மண்ணில் 1.5 மீட்டருக்கு மேல் பள்ளம் போனால் பக்கவாட்டில் முட்டுப் பலகை வேண்டும் என்பது ஐஎஸ் 3764. நம்ம ஊர் செம்மண் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக நிற்கும், சாயங்கால மழை ஒன்று போதும் சரிய. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும், இடுப்பு வரை மூடினாலே ஆளை வெளியே இழுக்க முடியாது. எடுத்த மண்ணை விளிம்பிலேயே குவித்திருந்தால் முதலில் அதைத் தள்ளச் சொல்லுங்கள். மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவோடு "முட்டு வரும்வரை நிறுத்தியிருக்கேன் சார்" என்று அனுப்புங்கள், சைட் டைரியிலும் எழுதுங்கள். எழுத்தில் "இறக்கு" என்று பதில் போட அநேகமாக எந்த மேனேஜருக்கும் துணிச்சல் வராது.

ஸ்ரீராம்புரம், பார் பெண்டர்: சர்டிபிகேட் இல்லாமல் சூப்பர்வைசர் ஆக முடியுமா?

சின்ன கம்பெனிகளில் முடியும். பெரிய இடங்களில் பேப்பர் கேட்பார்கள். பழகிய வேலைக்குச் சோதனை வைத்துச் சான்று தரும் ஆர்பிஎல் என்ற வழி இருக்கிறது. அது கம்பி வேலைக்கான சான்றுதான், சூப்பர்வைசர் வேலைக்கானது இல்லை. அதுவரை பார் பெண்டிங் ஷெட்யூல், அதாவது எந்தக் கம்பியை எவ்வளவு நீளத்தில் எப்படி வளைக்கணும் என்ற பட்டியலைப் படிக்கப் பழகுங்கள், தினமும் ஒரு பக்கம்.