கேள்வி – பதில்: அடுத்தவர் விடும் புகையும் ஆராய்ச்சிக்கு வந்த பணமும்

கேள்வி: புகைப்பிடிப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவருக்கும் நோய் வரும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த என் கணவர், அமெரிக்காவில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வைத்து நாற்பது ஆண்டுக் காலத்துக்குச் செய்த ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை என்று முடிவு வந்திருக்கிறது, அதுவும் பெரிய மருத்துவ இதழிலேயே வந்திருக்கிறது என்கிறார். யார் சொல்வதை நம்புவது? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கணவர் இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை. அந்தக் கட்டுரை 2003ஆம் ஆண்டு மே மாதம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. ஜேம்ஸ் என்ஸ்ட்ராம், ஜெஃப்ரி கபாட் என்ற இருவர் எழுதியது. கலிபோர்னியாவைச் சேர்ந்த 1,18,094 பேரின் விவரங்களை வைத்துத் தொடங்கி, அவர்களில் தாம் ஒருபோதும் புகைக்காத, கணவன் அல்லது மனைவியின் பழக்கம் தெரிந்த 35,561 பேரை மட்டும் பிரித்தெடுத்து, 1960 முதல் 1998 வரை அவர்களில் யார் யார் எதனால் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். புகைப்பவரை மணந்தவர்களுக்கும் புகைக்காதவரை மணந்தவர்களுக்கும் மரணத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

இந்த எண்ணிக்கை பெரியதுதான். ஆனால் எத்தனை பேரைக் கணக்கெடுத்தார்கள் என்பதைவிட, யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதே முக்கியம். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 1959இல் திரட்டிய விவரங்கள் அவை. ஒரு பெண்மணியின் கணவர் அந்த ஆண்டில் புகைத்தாரா இல்லையா என்பதை வைத்தே அவர் பெரும்பாலும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சேர்க்கப்பட்டார். அதன் பிறகு அந்தக் கணவர் பழக்கத்தை விட்டிருக்கலாம், இறந்திருக்கலாம், மணமுறிவு ஏற்பட்டிருக்கலாம். அப்போதும் மனைவி பல ஆண்டுகளுக்குப் "புகைக்கு ஆட்பட்டவர்" கணக்கிலேயே இருப்பார். மறுபக்கத்தையும் பாருங்கள். அறுபதுகளின் அமெரிக்காவில் அலுவலகத்திலும் விமானத்திலும் உணவகத்திலும், ஏன், மருத்துவமனையிலும்கூடப் புகைப்பது வழக்கமாக இருந்தது. ஆகவே புகைக்காதவரை மணந்த பெண்ணும் வீட்டுக்கு வெளியே அதே புகையைத்தான் சுவாசித்தார். இரண்டு பானையிலும் உப்பு விழுந்த பிறகு, ஒன்றை உப்பில்லாத பானை என்று வைத்துக்கொண்டு ருசி பார்த்தால் வேறுபாடு எப்படித் தெரியும்?

இந்த விவரங்களை இந்தக் கேள்விக்கு இப்படிப் பயன்படுத்தினால் நம்பகமான விடை கிடைக்காது என்று, விவரங்களுக்கு உரிய புற்றுநோய்ச் சங்கமே என்ஸ்ட்ராமைத் திரும்பத் திரும்ப எச்சரித்திருந்தது. ஆய்வின் பிற்பகுதிக்கான பணம் உள்ளரங்கக் காற்று ஆராய்ச்சி மையம் என்ற அமைப்பிலிருந்து வந்தது. அதை 1988இல் நிறுவியவை பிலிப் மோரிஸ், ஆர்.ஜே. ரெனால்ட்ஸ், லோரிலார்ட் ஆகிய மூன்று சிகரெட் கம்பெனிகள். பணம் வந்த வழியை ஆசிரியர்கள் கட்டுரையிலேயே தெரிவித்திருந்தார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் செய்தியாக இந்த முடிவு பரவியபோது அந்த ஒரு வரி கூடவே பரவவில்லை. உங்கள் கணவரிடமும் அது வந்து சேர்ந்திருக்காது என்றே நினைக்கிறேன். அவர் மீது கோபித்துக்கொள்ளாமல் இதைக் காட்டுங்கள்.

கேள்வி: அடுத்தவர் புகையின் கேட்டைச் சிகரெட் கம்பெனிகள் தெரிந்தே மறைத்தன என்று பலரும் எழுதுகிறார்கள். அறிவியல் முடிவுகள் தெளிவாகாத காலத்தில் அவர்களும் நம்மைப்போல் தெரியாமல் இருந்திருக்கலாம் அல்லவா? தெரிந்திருந்தது என்பதற்கு என்ன சான்று? – ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: அவர்களுடைய சொந்தக் காகிதங்களே சான்று, ஐயா. சிகரெட் கம்பெனிகள்மீது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் தொடுத்த வழக்கு 1998இல் சமரசத்தில் முடிந்தபோது, கம்பெனிகளின் உள்கடிதங்களும் குறிப்புகளும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டன. இன்று அவை கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாக நூலகம் வழியாக இணையத்தில் கிடைக்கின்றன; யாரும் படிக்கலாம்.

கம்பெனிகளின் கவலை 1978இலேயே தொடங்கிவிட்டது. அவர்களுடைய சங்கமான டொபாக்கோ இன்ஸ்டிட்யூட்டுக்காக ரோப்பர் நிறுவனம் அந்த ஆண்டில் எடுத்த கருத்துக்கணிப்பு, அடுத்தவர் விடும் புகையைப் பற்றி மக்களிடையே வளரும் எண்ணமே இந்தத் தொழிலின் பிழைப்புக்கு அதுவரை வந்தவற்றில் மிகப் பெரிய ஆபத்து என்று எச்சரித்தது. காரணம் எளிது. தானே விரும்பிப் புகைத்துத் தன் உடலைக் கெடுத்துக்கொள்பவரிடம் "அது உங்கள் விருப்பம்" என்று சொல்லித் தப்பலாம். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடமும் தொட்டிலில் கிடக்கும் குழந்தையிடமும் அப்படிச் சொல்ல முடியாது.

1981 ஜனவரியில் டோக்கியோவிலிருந்த தகேஷி ஹிராயாமா தம் ஆய்வை வெளியிட்டார். ஜப்பானில் தாம் புகைக்காத 91,540 மனைவியரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், நாளொன்றுக்கு இருபது சிகரெட்டோ அதற்கு மேலோ புகைக்கும் கணவர்களின் மனைவியர் நுரையீரல் புற்றுநோயால் இறப்பது, புகைக்காதவர்களின் மனைவியரைவிட ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. கணவர் புகைக்கும் அளவு கூடக் கூட மனைவியின் ஆபத்தும் கூடியது. உடனே கம்பெனிகளின் சங்கம் ஹிராயாமாவின் கணக்கில் பிழை இருப்பதாகப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தது. ஆனால் அதே 1981இல் பிரவுன் அண்ட் வில்லியம்சன் கம்பெனியின் வழக்கறிஞர் ஒருவர் எழுதிய உள்குறிப்பு வேறு கதை சொல்கிறது: ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் இந்தத் தொழிலுக்காகப் பணியாற்றிய இரண்டு நிபுணர்கள், ஹிராயாமா நல்ல விஞ்ஞானி என்றும் அவருடைய முடிவு சரியானது என்றும் கருதியதாக அதில் பதிவாகியிருக்கிறது. ஒருவரை ஊரறியப் பிழை செய்தவர் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் அவர் சொன்னது சரி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறாத காகிதம் இது. பின்னர் ஹிராயாமாவை மறுப்பதற்கென்றே ஜப்பானில் கம்பெனிப் பணத்தில், கம்பெனிகளின் வழக்கறிஞர்கள் மேற்பார்வையிட ஓர் ஆய்வு நடந்து, 1995இல் ஒரு பிரிட்டிஷ் புள்ளியியலாளரின் பெயரில் மட்டும் வெளிவந்தது.

இன்னொரு சான்று ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, சாம்பல் கிண்ணத்தில் சாய்த்து வைத்த ஒரு சிகரெட்டைப் பாருங்கள். யாரும் இழுக்காதபோதும் அதன் கங்கிலிருந்து நீல நிற இழையாகப் புகை எழும்பிக்கொண்டே இருக்கும். இழுக்கும்போது வரும் புகையைவிடக் குறைந்த சூட்டில், சரியாக எரியாமல், எந்த வடிகட்டியையும் தாண்டாமல் வரும் புகை அது. அறையில் உள்ள மற்றவர்கள் சுவாசிப்பது பெரும்பாலும் இதைத்தான். பிலிப் மோரிஸ் 1971இல் கொலோனில் இன்பிஃபோ என்ற ஆய்வுக்கூடத்தை வாங்கி, எண்பதுகளில் எலிகளை இந்தக் கங்குப் புகைக்கும் இழுக்கும் புகைக்கும் தனித்தனியே ஆட்படுத்திப் பார்த்தது. கிராமுக்குக் கிராம் ஒப்பிட்டால், சுவாசிக்கும்போது கங்குப் புகை சுமார் நான்கு மடங்கு நச்சு மிகுந்ததாக இருந்தது. இந்த முடிவுகளில் மிகப் பெரும்பகுதி வெளியிடப்படவே இல்லை. கம்பெனியின் ஆவணங்களைத் தோண்டியெடுத்து மற்றவர்கள் 2005இல் எழுதிய பிறகே உலகம் அறிந்தது.

அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவர்களில் ஒருவரான தாமஸ் ஆஸ்டீன் கைப்பட எழுதிய ஒரு குறிப்பும் கிடைத்திருக்கிறது. ஆவணங்களையெல்லாம் கொலோனுக்கே அனுப்பிவிட வேண்டும். முக்கியமான கடிதம் ஏதும் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் தம் வீட்டு முகவரிக்கு அனுப்பலாம், பார்த்துவிட்டு அழித்துவிடுவேன் என்பது அதன் சாரம். தெரியாதவர்கள் எழுதும் குறிப்பா இது என்பதை நீங்களே சொல்லுங்கள்.

கொலோனுக்கும் கம்பெனிக்கும் இடையே ஒருங்கிணைப்பாளராக இருந்த ராக்னார் ரைலாண்டர், ஸ்வீடனிலும் ஜெனீவாவிலும் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் இருந்தவர். சுதந்திரமான விஞ்ஞானி என்ற தோற்றத்தில் இந்தப் பொருள் பற்றிய ஆய்வுகளையும் மாநாடுகளையும் நடத்தினார். இது முன்னெப்போதும் இல்லாத அறிவியல் மோசடி என்று 2001இல் இரண்டு ஆர்வலர்கள் வெளிப்படையாகச் சொன்னபோது அவர்கள்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். 2003 டிசம்பரில் ஜெனீவா நீதிமன்றம் அந்த ஆர்வலர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. அமெரிக்காவிலும் 2006 ஆகஸ்ட் 17இல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், கம்பெனிகள் உள்ளுக்குள் ஆபத்தை உணர்ந்திருந்தும் வெளியே மறுத்தன என்று தீர்ப்பெழுதினார். அதன் விளைவாக 2017இல், அடுத்தவர் புகை புகைக்காதவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோயையும் இதய நோயையும் உண்டாக்கும் என்று கம்பெனிகள் தம் செலவிலேயே நாளிதழ்களில் விளம்பரம் வெளியிட நேர்ந்தது.

கேள்வி: நான் ஆராய்ச்சி மாணவி. மருந்து முதல் விதை வரை எல்லா ஆய்வுகளுக்கும் கம்பெனிகள்தாம் பணம் தருகின்றன. பணம் வாங்கினாலே ஆய்வு பொய்யாகிவிடுமா? – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஆகாது. பணம் வாங்கிய எல்லோரையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். எந்தக் கேள்வியை ஆராய்வது, முடிவு வந்தபின் அதை வெளியிடுவதா வேண்டாமா என்ற இரண்டையும் யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். மேலே சொன்ன காற்று ஆராய்ச்சி மையத்திலேயே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றில் விண்ணப்பங்களை விஞ்ஞானிகள் குழு பரிசீலித்தது. அதில் தேர்வானவற்றில் பெரும்பாலானவை புகையிலைப் புகை அல்லாத வேறு மாசுகளைப் பற்றியவை. இன்னொன்று "சிறப்பு" வழி. அதில் கம்பெனி அதிகாரிகளே தேர்ந்தெடுத்தார்கள். அடுத்தவர் புகை பற்றிய ஆய்வுகள் இந்த வழியிலேதான் அதிகம் நடந்தன. முதல் வழி மையத்துக்கு நற்பெயரைத் தேடித் தந்தது, இரண்டாம் வழி கம்பெனிக்கு வேண்டியதைத் தந்தது என்பது என் கணிப்பு.

உங்களுக்குப் பயன்படும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். டெபோரா பார்ன்ஸ், லீசா பெரோ என்ற இருவர் அடுத்தவர் புகை பற்றி வந்த 106 தொகுப்புக் கட்டுரைகளை, அதாவது பிறருடைய ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கட்டுரைகளை, ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார்கள். கம்பெனித் தொடர்புடையவர்கள் எழுதிய 31இல் 29 கட்டுரைகள் கேடு இல்லை என்றன. தொடர்பில்லாதவர்கள் எழுதிய 75இல் அப்படிச் சொன்னவை 10 மட்டுமே. கட்டுரையின் தரம், வெளிவந்த ஆண்டு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்தும், முடிவைத் தீர்மானித்த ஒரே காரணி ஆசிரியரின் தொடர்புதான். இதில் என்னைக் கவலைப்படுத்தும் இன்னொரு விவரம், அந்தத் தொடர்பைப் பல கட்டுரைகள் வாசகருக்குத் தெரிவிக்கவே இல்லை என்பது. நீங்கள் கட்டுரை எழுதும் நாளில் நிதி பற்றிய குறிப்பை ஒரு சடங்காக நினைக்காமல் முழுமையாக எழுதுங்கள்; பிறர் கட்டுரையைப் படிக்கும்போது அந்தப் பகுதியை முதலில் படியுங்கள்.

கேள்வி: நாங்கள் குடும்பத்தோடு போகும் உணவகத்தில் கண்ணாடி அறை கட்டி, மின்விசிறி வைத்துப் புகைப்பதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். இது போதாதா? – ஒரு வாசகர், சென்னை

பதில்: போதாது. நம் நாட்டில் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை இருந்தாலும், 30 இருக்கைகளோ அதற்கு மேலோ உள்ள உணவகங்களும் 30 அறைகளோ அதற்கு மேலோ உள்ள விடுதிகளும் தனி இடம் ஒதுக்கிக்கொள்ள 2003ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. காற்றோட்டம் செய்துவிட்டால் இரு தரப்பும் ஒரே கூரையின்கீழ் இருக்கலாம் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியதிலும் கம்பெனிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. விடுதிகளுக்காகவே "கர்ட்டஸி ஆஃப் சாய்ஸ்" என்ற பெயரில் ஒரு திட்டத்தை நடத்தினார்கள். ஆனால் கட்டடங்களின் காற்றோட்டத்துக்கு அளவுகோல் வகுக்கும் அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே, உள்ளே புகைப்பதைத் தடுப்பதைத் தவிர இந்த ஆபத்தை நீக்க வேறு வழியில்லை என்று 2005இல் அறிவித்துவிட்டது. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புகை வெளியே வரும்; அந்த அறைக்குள் உணவு கொண்டுபோகும் ஊழியர் நாள் முழுவதும் அதைச் சுவாசிக்கிறார். புகைக்கும் அறையே இல்லாத உணவகம் பக்கத்தில் இருந்தால் அங்கே போங்கள். போகும் முன் ஏன் வேறிடம் போகிறீர்கள் என்பதை இந்த உணவக உரிமையாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.