உங்கள் மகள் பார்ப்பது ஹேக்கிங் இல்லை

ஐயா,

மகள் ராத்திரியெல்லாம் கறுப்புத் திரையில் ஓடும் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், இது ஹேக்கிங்கா, இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது எஸ்ட்ரேஸ். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் எந்தக் கோப்பைத் திறக்கிறது, எங்கே பதில் வராமல் நிற்கிறது என்று வெளியிலிருந்து காட்டும் கருவி. 1991-லேயே வந்துவிட்டது.

பயப்படாதீர்கள். லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு பிராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம், இன்னொன்றை எஸ்ட்ரேஸ் போலக் கவனிக்க வேண்டுமென்றால் பிட்ரேஸ் என்ற சிஸ்டம் கால் மூலம் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். சிஸ்டம் கால் என்பது புரோகிராம் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை. ரூட் என்ற நிர்வாகி அதிகாரம் இல்லாமல் அடுத்தவருடைய பிராசஸைத் தொடக் கெர்னல் சாதாரணமாக விடாது. அவள் பார்ப்பது தானே எழுதிய புரோகிராமை.

படத்தின் கடைசி வரியில் அனுமதி இல்லை என்று வந்திருக்கிறது. பக்கத்து ஜன்னலில் ஜிடிபி என்ற டீபக்கர் (புரோகிராமில் பிழை தேடும் கருவி) திறந்திருக்கிறதே, காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு பிராசஸை ஒரு நேரத்தில் ஒரே பிராசஸ்தான் இப்படிக் கவனிக்க முடியும். லினக்ஸ் ஓடும் பிராசஸ்களின் விவரத்தைக் காட்டும் புராக் கோப்பகத்தில் அந்த பிராசஸின் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து, டிரேசர்பிட் என்ற வரியைப் பார்க்கச் சொல்லுங்கள். 0 இல்லையென்றால், அங்கே இருப்பது ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருக்கும் பிராசஸின் எண். இந்த விதியை வைத்தே சில தீய நிரல்கள் கவனிப்பவருக்கான அந்த ஒரே இடத்தைத் தாங்களே முன்கூட்டிப் பிடித்துக்கொண்டு, ஆய்வாளரை உள்ளே விடாமல் பார்க்கும். அதை உடைத்துப் படிப்பது செக்யூரிட்டி துறையில் முழுநேர வேலை.

வேலை விஷயத்தில் உள்ளதைச் சொல்கிறேன். புதிதாக வருபவர்களுக்கான விளம்பரங்களில் பிட்ரேஸ் என்ற பெயர் அநேகமாக இருக்காது. முதல் வேலை சாதாரண டெவலப்பர் வேலையாகவே அமையலாம். அதற்குத் தேவையானதையும் அவள் விடாமல் படிக்கட்டும். ஆனால் சர்வர் திடீரென்று உறைந்து நிற்கும்போது, லாகில், அதாவது சர்வர் எழுதிவைக்கும் பதிவில், ஒன்றும் இல்லாதபோது, அது எந்த சிஸ்டம் காலில் மாட்டியிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவரைத்தான் கூப்பிடுவார்கள். டீபக்கர் எழுதுவது, சர்வர்களைப் பராமரிப்பது, கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள் எழுதுவது என எல்லாவற்றிலும் இது கைகொடுக்கும்.

இப்போதைக்கு இன்னொரு சான்றிதழ் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். புதிய பிராசஸை உருவாக்கும் ஃபோர்க், அதில் புரோகிராமை ஏற்றும் எக்ஸெக், அது நிற்கும்வரை காத்திருக்கும் வெயிட்பிட், பிட்ரேஸ் ஆகிய நான்கை வைத்து ஒரு சின்ன எஸ்ட்ரேஸை அவளே சி மொழியில் எழுதட்டும். ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் பிராசஸ் நுழையும்போது ஒருமுறை, வெளிவரும்போது ஒருமுறை என இரண்டு தடவை நிற்கும். அதில் குழம்புவாள், குழம்பட்டும். முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், ரெஸ்யூமேயில் அதை எப்படி எழுதுவது என்று சேர்ந்து பார்ப்போம்.